பினாங்கில் சமநீதிக்கு ஒரு பொதுநிதி: தொடங்குவது, நடத்துவது, சிக்கலில் மாட்டாமல் இருப்பது

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடப் பினாங்கில் பணம் திரட்டுவது பெரிய காரியமில்லை. நான்கு பேர் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும், சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். அதே நான்கு பேர் போய், "பிறையில் மூன்று பிள்ளைகளுக்குக் குடியுரிமைச் சிக்கல், தேசியப் பதிவு இலாகாவுக்கு ஏறி இறங்க வேண்டும், கூடப் போகிற பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். "பொருளாக ஏதும் வேண்டுமா? அரிசி, பால்மாவு?" என்றுதான் பதில் வரும். கொடுக்க மனமில்லாமல் அல்ல. சம்பளம், பெட்ரோல், மனுச் செலவு இவற்றுக்குக் கொடுப்பது தர்மக் கணக்கில் சேரும் என்று யாரும் நம்மிடம் சொல்லி வளர்க்கவில்லை.

ஆனால் இனத்தால் ஒதுக்கப்படுவதற்கும், தலைமுறையாகப் பின்தங்கிப் போனதற்கும் உள்ள மருந்து பெரும்பாலும் அந்தச் செலவுகளுக்குள்தான் இருக்கிறது. தனி ஒருவர் கொடுக்கத் தயங்குகிற செலவைப் பலர் சேர்ந்து, பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கொடுப்பதற்காகத்தான் பொதுநிதி. உணவுப் பொட்டலமும் பள்ளிப்பையும் வாங்கிக் கொடுப்பதற்குப் புதிதாக ஒரு நிதி தேவையில்லை. அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

வழி புதிதும் அல்ல. ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் கொடுத்த சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். பணம் பெரியதாக இருந்ததால் அது நடக்கவில்லை, குறி சரியாக இருந்ததால் நடந்தது.

முதலில் எதற்கு என்று தீர்மானியுங்கள்

பெயர், சின்னம், வங்கிக் கணக்கு எல்லாம் பிறகு. எந்தப் பிரச்சினை என்பது முதலில். ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் எடுத்தால் சிறிய நிதி கரைந்துபோகும்.

அதைக் கண்டுபிடிக்க ஆய்வு நிறுவனம் வேண்டாம். ஆயர் ஈத்தாம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பிறை, சுங்கை பாக்காப், நிபோங் திபால் என்று நான்கைந்து இடங்களில் சிறு கூட்டம் போடுங்கள். ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், மாலை ஏழரைக்கு மேல், பிள்ளைகளையும் அழைத்து வரலாம் என்று சொல்லி. கேள்வி மூன்று போதும். போன வருடம் எந்த அலுவலகத்தில் வெறுங்கையோடு திரும்பினீர்கள்? அதற்காக எத்தனை நாள் வேலை போனது? யாராவது உதவினார்களா, எந்த இடத்தில் உதவி நின்றது? "என்ன வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கொடுக்கக்கூடியதாக எதை நினைக்கிறார்களோ, அதைத்தான் சொல்வார்கள். மரியாதைக்காகவே சொல்வார்கள்.

இந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருவது ஆவணப் பிரச்சினை. அதன் உள்விவரம் தெரியாமல் பணம் போட்டால் வீணாகும். கோயிலில் தாலி கட்டி ஊரறியக் கல்யாணம் நடந்திருக்கும், ஆனால் திருமணத்தைப் பதிந்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, பதிவில்லாத அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் பார்வையில் தாயின் நிலையையே பெறும். தந்தை நீல ஐசி (குடிமக்களின் அடையாள அட்டை) வைத்திருக்கும் மலேசியர், தாய் இந்தோனேசியர் அல்லது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால், இங்கேயே பிறந்த பிள்ளை குடிமகன் ஆகாது. பிறகு போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாகச் சரியாவதில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் சிறப்பு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பிரிவுக்கு வயது வரம்பு உண்டு. ஆகவே வரும் பிள்ளைகளில் வயதில் மூத்தவரின் கோப்பை முதலில் எடுங்கள். வந்த வரிசைப்படி எடுப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையின் வாய்ப்பு அதில் போய்விடும்.

இன்னொரு வகை, பிறப்பைப் பதியாமல் விட்டது. தீபகற்பத்தில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு: பிறந்த மருத்துவமனைக் கடிதம், சாட்சிகள், நேர்காணல் என்று நீளும். வீட்டில் பிறந்த பிள்ளை என்றால் இன்னும் சிரமம். 12 வயதில் மைகார்டு என்ற அடையாள அட்டையை எடுக்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு விஷயமே உறைக்கும்.

செலவைக் கூட்டிப் பாருங்கள். அரசாங்கக் கட்டணம் சிறியதுதான். பணத்தைத் தின்பது வேறு செலவுகள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), 26 நாள் கணக்கில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆறு நடை, ஒவ்வொரு நடைக்கும் தாய் தந்தை இருவர் என்றால் சம்பள இழப்பு மட்டுமே 780 வெள்ளி. அதற்குமேல் பஸ், டாக்சி, சத்தியப் பிரமாணம், மொழிபெயர்ப்பு. மரபணுச் சோதனை கேட்டுவிட்டால் கதையே வேறு. பலர் பாதியிலேயே விட்டுவிடுவது இதனால்தான். ஆகவே நிதி ஏற்க வேண்டிய முதல் செலவு வழக்கறிஞர் அல்ல. இழந்த நாள் சம்பளமும், கூடப்போகும் ஊழியரும்தான். நாடற்றோர் வழக்குகளில் நீண்ட அனுபவமுள்ள டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகளிடம் கோப்பு தயாரிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

மற்ற பிரச்சினைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். "இந்தியருக்கு வாடகைக்கு இல்லை" என்ற வீட்டுப் பாகுபாடு: அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துமே தவிர, தனியார் வீட்டுக்காரரை அல்ல என்பது நீதிமன்றங்கள் எடுத்துள்ள நிலை. வழக்குக்குப் பணம் கொடுப்பதைவிட, ஒரே வீட்டுக்கு இரண்டு இனத்தவர் விசாரித்து வரும் பதில்களைத் தேதியோடு பதிவுசெய்யும் சான்று வேலைக்குக் கொடுப்பது பயன். வேலையிடப் பாகுபாடு: 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவில் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம். ஆனால் அது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. நேர்முகத்திலேயே கழிக்கப்பட்டவருக்கு அதில் இடம் தேடுவது கடினம். தடுப்புக்காவல் மரணம்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவில் மரண விசாரணை கட்டாயம், 2023 ஜூலையிலிருந்து சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையமும் இருக்கிறது. விசாரணை நாட்களில் குடும்பத்துக்குப் போக்குவரத்தும் ஒரு வழக்கறிஞரும் வேண்டும், பணம் அன்றே வேண்டும். கம்ப (கிராம) நிலம்: புவா பாலா கம்பம் 2009இல் இடிக்கப்பட்டது, அதற்குமுன் வழக்கு பல நீதிமன்றங்கள் ஏறியது. நில விவகாரத்தில் பணம் தேவைப்படுவது ஆர்ப்பாட்ட நாளில் அல்ல. நில அலுவலகத்தில் பட்டா யார் பெயரில் என்று தேடும் அந்த முதல் வாரத்தில்.

எத்தனை பேர், எவ்வளவு

இருபது பேர், மாதம் நூறு வெள்ளி. இதைவிடக் குறைவாகத் தொடங்கினால் ஊழியரின் பாதிச் சம்பளம்கூட வராது. அதிகமாகக் கேட்டால் ஆறாவது மாதம் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஆண்டுக்கு 24,000 வெள்ளி. அதில் 14,400 அமைப்புகளுக்கு மானியம், 3,600 அவசரக் கைக்காசு, 3,600 கையிருப்பு, 2,400 நிர்வாகம் என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமை பேசும் நிதி, அந்தச் செலவை யாரோ ஒருவரின் மனைவி தலையில் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மாதத் தொகையை வங்கியில் தானியங்கி மாற்றாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் நினைவூட்டி வாங்குவது நட்பைக் கெடுக்கும். இருபது பேரில் இந்தியர் மட்டுமே இருக்க வேண்டியதில்லை. சமநீதி என்று பெயர் வைத்துவிட்டு ஒரே இனத்தார் உட்கார்ந்திருந்தால், மலாய்க்கார, சீன நண்பர்கள் அதை இன்னொரு இனச் சங்கமாகத்தான் பார்ப்பார்கள். ஓராங் அஸ்லி பூர்வகுடிகள், புலம்பெயர் தொழிலாளர் பிரச்சினைகள் நம் தோட்டத்துப் பிரச்சினைகளோடு எங்கே சேர்கின்றன என்பதும் அப்போதுதான் மேசைக்கு வரும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்புப் பணத்தை முதல் ஆண்டில் தேடிப் போக வேண்டாம். அவர்களுக்குப் படத்தில் தெரியும் பொருள் வேண்டும், காலாண்டு முடிவதற்குள் வேண்டும். மாறாக, அங்கே வேலை செய்யும் கணக்காளர் ஒருவரை மாதம் மூன்று மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அது பணத்தைவிடப் பெரிது.

எந்தக் கூரையின் கீழ்

இந்த இடத்தில்தான் நல்ல மனமுள்ளவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரு நோக்கத்துக்காக இயங்கினாலே அது சங்கம். பதிவில்லாமல் நடத்தினால் சட்டவிரோதச் சங்கம். பத்துப் பேர் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் பணம் போட்டு வைப்பது அதைவிட மோசம். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் குடும்பச் சொத்தாக முடங்கும், வரி அதிகாரி கேட்டால் பதில் இராது, பெரிய தொகை அடிக்கடி வந்து போனால் வங்கியே கேள்வி கேட்கும்.

வழி மூன்று. ஏற்கெனவே பதிவான, கணக்கு ஒழுங்காக உள்ள ஒரு சங்கத்தின் கூரையின் கீழ் முதல் ஆண்டு நடத்துவது. அல்லது சங்கப் பதிவிலாகாவில் இணையம் வழி சொந்தமாகப் பதிவது. அல்லது நிறுவனங்கள் ஆணையத்தில் உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாகப் பதிவது. மூன்றாவதற்கு நிறுவனச் செயலாளர், ஆண்டுத் தணிக்கை எல்லாம் கட்டாயம். 24,000 வெள்ளி நிதிக்கு அது யானைக்குத் தீனி போடுவதுதான். முதலாவதையே பரிந்துரைக்கிறோம். ஆனால் வாய்மொழியாக வேண்டாம். இரண்டு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: பணம் தனிக் கணக்கிலோ தனித் தலைப்பிலோ இருக்க வேண்டும், கூரைச் சங்கம் எடுக்கும் நிர்வாகப் பங்கு இத்தனை விழுக்காடு, மானிய முடிவில் அதன் செயற்குழு தலையிடாது, பிரிந்து போனால் மீதிப் பணம் எங்கே போகும். கடைசி வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொந்தமாகப் பதிந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். இதை மறந்து பதிவு ரத்தான சங்கங்களை எண்ணி முடியாது. காசோலைக்கும் இணைய மாற்றுக்கும் மூவரில் இருவர் ஒப்புதல் என்று வையுங்கள். அந்த மூவரில் இருவர் உறவுக்காரராக இருக்கக் கூடாது. தலைவரும் பொருளாளரும் மாமன் மச்சான் என்றால் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பேச்சு கிளம்பும்.

இன்னும் இரண்டு சட்டங்களை மனதில் வையுங்கள். கூட்டு (சீட்டு) பிடிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மாதாமாதம் பணம் சேர்த்து முறைவைத்து உறுப்பினருக்கே கொடுப்பது போன்ற எந்த ஏற்பாடும் நிதியில் இருக்கக் கூடாது, "அவசரத்துக்கு உறுப்பினருக்குக் கடன்" என்ற பெயரிலும் கூடாது. தெருவிலோ வீடுவீடாகவோ பணம் திரட்டினால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். கோயில் வாசலில் உண்டியலோடு நிற்பதற்கு முன் கோயில் நிர்வாகத்தின் சம்மதத்தையும் அந்த அனுமதியையும் உறுதிசெய்யுங்கள்.

வரி விலக்கைக் கொடையாளர்கள் கட்டாயம் கேட்பார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கழிக்க முடியும், அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. கூரைச் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இல்லையென்று ரசீதிலேயே அச்சிடுங்கள். அங்கீகாரம் இருந்தாலும் அது எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று கடிதத்தைப் படித்துப் பாருங்கள். கல்விக்கென்று பெற்ற அங்கீகாரத்தில் வாங்கிய பணத்தை நீதிமன்றச் செலவுக்கு எடுத்தால் அமைப்புக்கே ஆபத்து.

யார் முடிவெடுப்பது

இதில் சமரசம் செய்துகொண்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பணம் கொடுப்பவர்களே யாருக்குக் கொடுப்பதென்றும் தீர்மானித்தால், அவர்களுக்குப் பழக்கமானவர்களுக்கே பணம் போகும். கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆங்கிலத்தில் நன்றாக எழுதப்பட்ட மனு நம்பிக்கை தருகிறது, நிபோங் திபாலிலிருந்து குரல் பதிவாக வந்த மனு தருவதில்லை. அவ்வளவுதான்.

ஏழு பேர் கொண்ட தேர்வுக்குழு வையுங்கள். நால்வர் பிரச்சினையை நேரில் பட்டவர்கள்: பிள்ளைக்கு ஐசி இல்லாமல் அலைந்த தாய், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், அப்படி. மூவர் கொடையாளர்கள், ஆண்டுக்கு ஒருமுறை மாறுபவர்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் வேலை செய்பவர் யாரும் குழுவில் வேண்டாம். எந்தக் கட்சியானாலும் சரி. அவர்களிடம் உதவி கேளுங்கள், பதிவு இலாகாவில் கதவு திறக்கும். நாற்காலி மட்டும் கொடுக்காதீர்கள்.

அந்த நால்வருக்கும் அமர்வுப் படி கொடுங்கள். ஒரு கூட்டத்துக்கு 80 வெள்ளியும் பயணச் செலவும். மேலாளர் ஒருவர் கூட்டத்துக்கு வந்தால் அவர் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது, துப்புரவு வேலை செய்பவருக்கு அன்றைய கூலி போகிறது. படி கொடுக்காத குழுவில் மூன்றாவது கூட்டத்துக்கு அந்த நால்வர் வரமாட்டார்கள், "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று முடிவுகட்டப்படும். கூட்டம் தமிழிலும் மலாயிலும் நடக்கட்டும். கொடையாளர்கள் கடைசியில் பேசட்டும். டாக்டரோ வழக்கறிஞரோ முதலில் வாய்திறந்துவிட்டால், "டாக்டர் சொன்னா சரிதானுங்க" என்று மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்.

உறவோ தொழில் தொடர்போ உள்ள மனு வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருப்பது போதாது. நம் வட்டாரம் சிறியது, எல்லாரும் எங்காவது சொந்தம். அதனால் இந்த விதி அடிக்கடி தேவைப்படும். கூட்டக்குறிப்பில் அதை எழுதுங்கள்.

கொடுக்கும் முறை

மனு ஒரு பக்கம். அல்லது ஐந்து நிமிடக் குரல் பதிவு. கேட்க வேண்டியது: யாருக்காக, என்ன தடை, இந்தப் பணத்தில் யார் என்ன செய்வார், எவ்வளவு, இரண்டு பேர் பரிந்துரை. மூன்று வாரத்தில் பதில். மறுத்தால் காரணத்தைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஒரு மானியம் 1,500 முதல் 6,000 வெள்ளி வரை. குறைவான அமைப்புகளுக்கு இரண்டாண்டு உறுதி கொடுப்பது, நிறைய பேருக்கு ஒருமுறை தூவுவதைவிட நல்லது. குடியுரிமை விண்ணப்பம் ஒன்று ஓராண்டுக்குள் முடிவதில்லை. ஓராண்டு மானியம் கொடுத்துவிட்டு "எத்தனை ஐசி வாங்கினீர்கள்" என்று கேட்டால், சுலபமான கோப்புகளை மட்டும் எடுக்கும்படி நீங்களே அவர்களைத் தள்ளுகிறீர்கள். ஆகவே எண்ணிக்கை கேட்பதானால், முழுமையாகத் தயாரான கோப்புகள், சமர்ப்பித்தவை, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவை என்று படிப்படியாகக் கேளுங்கள்.

தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அமைப்பின் வாடகை, தொலைபேசி, கணக்கு எழுதும் செலவுக்கு அப்படியே விடுங்கள், ரசீது கேட்காதீர்கள். மீதிக்குக் கேளுங்கள். தொகையை இரண்டு தவணையாகக் கொடுப்பது போதும். இரண்டாவது தவணைக்கு முன் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசி, பேசியதை நீங்களே எழுதி வையுங்கள். அறிக்கை எழுதும் பாரத்தை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். கையெழுத்தில்லாமல் ரொக்கமாக எதுவும் கொடுக்க வேண்டாம். குடும்பத்துக்குப் போகும் அவசரக் கைக்காசுக்குக்கூட வவுச்சரும் கையெழுத்தும்.

அவசரக் கைக்காசுக்குத் தேர்வுக்குழு கூட வேண்டியதில்லை. இருவர் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டால் 300 வெள்ளி வரை அன்றே. தடுப்பில் இருப்பவரைப் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு வரும் 1,000 வெள்ளியைவிட இது உதவும். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும்முன் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும், அரசாங்கச் சட்ட உதவி இலாகாவையும், கைது, தடுப்புக்காவல் விஷயமானால் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தையும் கேட்டுப் பாருங்கள். அதேபோல் கல்வி உபகாரம் என்றால் பினாங்கு இந்து அறப்பணி வாரியம், இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா போன்ற இடங்கள் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் ஒன்றுக்கு உங்கள் நிதியைக் கொட்டாதீர்கள். அங்கே விண்ணப்பிக்க உதவும் ஊழியருக்குக் கொடுங்கள்.

படமும் பெயரும்

மாதிரிக் காசோலையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் டத்தோ பட்டம் பெற்ற ஒருவர், ஓரத்தில் தலைகுனிந்த தாய் என்று எடுக்கும் படத்தை முதல் நாளே விதி போட்டுத் தடுத்துவிடுங்கள். கூச்சம் மட்டும் காரணமல்ல. பிள்ளைக்கு ஆவணமில்லை, தாய்க்கு விசா முடிந்துவிட்டது என்பது வெளியே தெரிந்தால் தாய் பிடிபடவும் கூடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்குத்தான் பொருந்தும் என்றாலும், அதன் ஒழுங்கை நீங்களாகவே கடைப்பிடியுங்கள். கோப்புக்கு எண் கொடுங்கள், பெயர் ஒரே ஒரு பூட்டிய பட்டியலில். பிறப்புப் பத்திரப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. நடைமுறையில் அதிகம் மீறப்படும் விதி இதுதான், ஏனென்றால் வழக்கறிஞர் "படம் அனுப்புங்கள்" என்றால் யாராவது குழுவிலேயே போட்டுவிடுவார்கள்.

பொதுவில் பேசும்போது எண்ணிக்கையோடும் சட்டப் பிரிவோடும் பேசுங்கள். இனம், மதம், அரச அமைப்பு தொட்டுப் பேசும் பதிவுகளுக்கு 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டமும் தொடர்புத்துறைச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் கையில் தயாராக இருக்கின்றன. "எங்கள் இனத்தை ஏமாற்றிவிட்டார்கள்" என்ற ஒரு வரி, உங்கள் மானியம் பெறும் சிறிய அமைப்பைப் போலீஸ் நிலையத்துக்கு அழைக்க வைக்கும். "இந்த அலுவலகத்தில் இந்த வகை விண்ணப்பம் இத்தனை மாதம் நிற்கிறது" என்ற வரி அதிகாரியைப் பதில் சொல்ல வைக்கும். மனித உரிமை அமைப்பான கோமாஸ் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் இனப் பாகுபாட்டு அறிக்கைக்கு உங்கள் சம்பவங்களைப் பெயரில்லாமல் அனுப்பினால், உள்ளூர்ச் சம்பவம் நாட்டுக் கணக்கில் சேரும்.

வடக்கே மற்ற வட்டங்களோடு

இரண்டாம் ஆண்டில், அதற்கு முன்னால் அல்ல, சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், தைப்பிங் பக்கம் இதுபோல் பொதுநிதி நடத்தும் வட்டங்கள் இருந்தால் சேருங்கள். மூன்று வட்டம் சேர்ந்தால் போதும். உடனே தலைவர், துணைத்தலைவர், பேராளர் மாநாடு என்று இறங்கினால் பணம் மேடைக்கே போய்விடும். சேர வேண்டியது நான்கு விஷயத்தில் மட்டும்: ஒரே மனுப் படிவம், ஒரே வழக்கறிஞர் பட்டியல், ஒவ்வொரு வட்டமும் ஆண்டு வரவில் பத்தில் ஒரு பங்கு போடும் அவசர நிதி, புத்ராஜெயாவில் ஒரு ஆள்.

கடைசியானது சிறியதாகத் தெரியும், ஆனால் அதிகம் மிச்சம் பிடிப்பது அதுதான். குடியுரிமைக் கோப்புகள் கடைசியில் புத்ராஜெயாவுக்குப் போகின்றன. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறி, ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் "இன்னும் பரிசீலனையில்" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்புவது ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சேமிப்பு. கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் எழுத்துபூர்வ அதிகாரக் கடிதத்தோடு வாரம் ஒரு நாள் பத்துக் கோப்புகளைச் சேர்த்து விசாரித்தால் போதும். அவருக்கு நாள் கூலி கொடுங்கள், தன்னார்வம் என்று விட்டுவிடாதீர்கள்.  பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டதால், பள்ளிச் சேர்க்கைக்கு ஆவணம் கேட்கும் குடும்பங்கள் ஆண்டின் கடைசிக் காலாண்டில் குவிவார்கள். அந்த மாதங்களுக்குக் கையிருப்பைக் கரைக்காமல் வைத்திருங்கள்.

நிதியை நிறுத்த வேண்டி வந்தால், மானியம் பெறும் அமைப்புகளுக்கு ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். ஊழியருக்கு ஒரு மாதச் சம்பளம் மீதியாவது கணக்கில் இருக்கட்டும். நடந்துகொண்டிருக்கும் குடும்பக் கோப்புகளை யார் எடுத்துக்கொள்கிறார் என்று கோப்பு எண்வாரியாகப் பட்டியல் போட்டு, குடும்பத்தின் சம்மதம் வாங்கி ஒப்படையுங்கள். மூலப் பத்திரங்களை நீங்கள் வைத்திருக்கவே கூடாது. இருந்தால் அன்றே கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.